கன்னட மேடையில் ஒரு தஞ்சாவூர்க்காரி

பெங்களூரிலிருந்து நடிக்கக் கிளம்பித் தமிழ்நாட்டில் பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 1940களில் ஹொன்னப்ப பாகவதர். அவருக்குப் பிறகு நாம் 'கன்னடத்துப் பைங்கிளி' என்று கொண்டாடிய சரோஜாதேவி. பி.டி.எஸ். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, 1973-இல் சென்னை ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த சிவாஜி ராவ் என்கிற ரஜினிகாந்த். ரவீந்திர கலாக்ஷேத்ராவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்து, 1994-இல் பாலசந்தரின் 'டூயட்' மூலம் வந்து சேர்ந்த பிரகாஷ்ராஜ். இவர்கள் எல்லாரும் ஓசூரைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். நான் அதே ஓசூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவள். இருபது வருஷத்துக்கு மேல் கன்னட நாடகங்களில் நடித்தேன். சோறு போட்டது வங்கி வேலை. ஆனால் 'என்ன செய்கிறீர்கள்' என்று யார் கேட்டாலும் முதலில் வாயில் வருவது நாடகம்தான்.

பெங்களூர் என்ன வெளிநாடா என்று கேட்கலாம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் பேசியே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். 1950-லேயே தமிழ்ச் சங்கம் தொடங்கிய ஊர் இது. கடையில் சாமான் வாங்கவும் ஆபீஸில் சம்பளம் வாங்கவும் பெங்களூர் வெளிநாடு இல்லை. மேடையில் ஏறி நின்றால் மட்டும் வெளிநாடு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தாய்ப்பாலோடு குடித்த மொழியில், அவர்கள் முன்னாலேயே அழ வேண்டும், கோபப்பட வேண்டும், பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை அவர்கள் நம்ப வேண்டும். அதற்கு எந்தப் பாஸ்போர்ட்டும் உதவாது.

வேற்று மொழியில் நடிக்கலாம் என்ற தைரியம் எனக்கு ஊரிலேயே வந்தது. நான் பிறந்தது திருக்கருகாவூர்ப் பக்கம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மெலட்டூர். வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா நடக்கும். வெங்கடராம சாஸ்திரி எழுதிய நாடகங்கள், அத்தனையும் தெலுங்கு. நடிப்பவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிற ஆண்கள். பகலில் வேட்டியோடு கடைத்தெருவில் பார்த்த மாமா, ராத்திரி 'பிரகலாத சரித்திர'த்தில் லீலாவதியாகப் புடவை கட்டிக்கொண்டு தெலுங்கில் மகனுக்காகக் கதறுவார். பார்க்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பாட்டி மடியில் படுத்துக்கொண்டு விடிய விடிய அதைப் பார்த்த எனக்கு, நடிப்பும் தாய்மொழியும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை அல்ல என்பது யாரும் சொல்லித்தராமலே புரிந்தது. பெண்கள் அந்த மேடையில் ஏற முடியாது என்பதும் புரிந்தது. ஏற வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

1986-இல் வங்கி வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வந்தேன். கும்பகோணத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலையில் குளிர் நடுக்கும். ஸ்ரீராமபுரத்தில் சித்தி வீடு, சாமராஜபேட்டையில் கிளை. கூட வேலை பார்த்த ஒரு அக்கா ஒரு சாயங்காலம் ஜே.சி. ரோட்டில் இருக்கும் ரவீந்திர கலாக்ஷேத்ராவுக்குக் கூட்டிப்போனார். தாகூர் நூற்றாண்டு நினைவாகக் கட்டி 1963-இல் திறந்த அரங்கம் அது. அன்றைக்கு 'பெனக' குழுவின் 'சத்தவர நெரளு'. ஜி.பி. ஜோஷி எழுதியது, பி.வி. காரந்த் இயக்கியது. ஒரு மடத்துக்குள் நடக்கும் பதவிச் சண்டை. வசனத்தில் எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. ஆனால் நாடகம் முழுக்கப் புரந்தரதாசர் பாட்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஸரளி வரிசையோடு வளர்ந்த பெண்ணுக்குப் புரந்தரதாசர் அந்நியர் இல்லையே! பாட்டு வரும்போதெல்லாம் நான் உள்ளே இருந்தேன், வசனம் வரும்போதெல்லாம் வெளியே நின்றேன். நாடகம் முடிந்து வெளியே வந்ததும் அந்த அக்காவிடம், "இவங்க யாராவது என்னைச் சேத்துப்பாங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பெண்கள் கிடைக்காமத்தான் திண்டாடறாங்க, வா" என்றார்.

அதுதான் உண்மை நிலவரம். கன்னடத்தில் அமெச்சூர் நாடகத்தை 'ஹவ்யாசி' என்பார்கள். அன்றைக்கு ஹவ்யாசிக் குழுக்களில் ஆண்களுக்குப் பஞ்சமே இல்லை. எச்.எம்.டி., ஐ.டி.ஐ., பி.இ.எல்., ஏ.ஜி. ஆபீஸ் என்று வேலை முடிந்து நேரே ஒத்திகைக்கு வந்துவிடுவார்கள். பெண்கள்தான் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஒத்திகை முடிந்து வீடு திரும்பும் மகளுக்கோ மருமகளுக்கோ எந்த வீட்டில் கதவு சும்மா திறக்கும்? தமிழச்சியாக இருந்தாலும் பரவாயில்லை, பெண்ணாக இருந்தால் போதும் என்ற நெருக்கடியில்தான் எனக்குக் கதவு திறந்தது. திறமையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. கலைக்குள் வெளியாள் நுழையும் வாசல் பெரும்பாலும் இப்படி யாரோ விட்டுப்போன காலி இடமாகத்தான் இருக்கிறது.

பசவனகுடியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒத்திகை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் இடம் பண்ணிக்கொள்வோம். முதல் ஒரு மாதம் வெறும் வாசிப்பு. எனக்குக் கன்னட எழுத்து தெரியாது. பக்கத்தில் இருப்பவர் படிக்கப் படிக்க, நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். முதல் நாளே சிக்கல். தமிழில் ஒரு 'க'. கன்னடத்துக்கு நான்கு. பாட்டியின் சௌந்தர்ய லஹரி புத்தகம் ஞாபகம் வந்தது. தமிழில் அச்சடித்த ஸ்தோத்திரப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளின் தலையில் பொடியாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்களே, அதே முறை. என் வசனம் முழுவதையும் அப்படி எழுதினேன். வரிக்கு வரி எண்கள். பார்த்தால் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். சிவப்பு மையில் மூச்சு விடும் இடங்கள், பென்சிலில் நடக்க வேண்டிய இடங்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் காபிக் கறை, நடுவில் பி.டி.எஸ். டிக்கெட் ஒன்று.

எங்கள் டைரக்டரை எல்லாரும் 'மேஷ்ட்ரே' என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கே, அம்மா. ஆனா இதுல நீ தமிழை ஞாபகம் வெச்சுக்கறே. கன்னடத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா அதோட எழுத்துல படி" என்றார். மறுநாள் ஒரு அட்சரமாலைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னக் குழந்தைகள் படிப்பது. மதிய சாப்பாட்டு நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் படித்தேன். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள் கண்ணாடி ஜன்னல் வழியாகத் திருத்திக்கொடுப்பார்கள். ஒருவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வந்து, போன மாதம் எங்கே விட்டோம் என்று கேட்டு மேலே நடத்தினார்.

ஒரு விஷயத்தை விளக்கியே ஆக வேண்டும். தமிழருக்குக் கன்னடம் சுலபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பேசுவதற்கு அது சரி. நடிப்பதற்கு அந்தச் சுலபம்தான் பெரிய ஆபத்து. வாக்கிய அமைப்பு ஒன்றே, வினை கடைசியில் வருவதும் ஒன்றே, பாதி வார்த்தைகள் அக்கா தங்கை. அதனால் வசனம் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும். ஆனவுடன் நம் நாக்கு நம்மை ஏமாற்றி, கன்னட வார்த்தைகளைத் தமிழ் ராகத்தில் பாட ஆரம்பித்துவிடும். இரண்டு உயிருக்கு நடுவில் வல்லினம் வந்தால் நாம் மெலிதாக்கிவிடுவோம். 'பாட்டு' என்பதில் உள்ள ட வேறு, 'பாடு' என்பதில் உள்ள ட வேறு என்று நாம் யோசிப்பதே இல்லை, நாக்கு தானாகச் செய்துகொள்கிறது. கன்னடத்தில் அது ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்து, தனித்தனிப் பொறுப்பு. வங்காளத்திலிருந்து வந்த ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவருக்கு எல்லாமே புதிது என்பதால் ஒவ்வொரு ஒலியையும் காது கொடுத்துக் கேட்டு எடுத்துக்கொண்டார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்ததால், கேட்பதைக் கற்றுக்கொள்ளவே ரொம்ப நாள் ஆனது.

கேட்பதுதான் வேலை. பிறகு சொல்வது. சாமராஜபேட்டையில் பூக்காரியும் சொஸைட்டி பால்காரரும் பேசுவதைக் கேட்டேன். மண்ட்யப் பக்கத்து ஆள் 'ஹ'வை விழுங்குவதைக் கேட்டேன். கலாக்ஷேத்ரா வளாகத்தில் பை-டூ காபியைக் கையில் வைத்துக்கொண்டு சீனியர் நடிகர்கள் வாக்குவாதம் செய்யும்போது, என்ன பேசுகிறார்கள் என்பதைவிட எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கோபத்தில் தமிழ்க் குரல் மேலே ஏறும். நான் கேட்ட பழைய மைசூர்க் கன்னடத்தில் நிஜமான கோபம் வந்தால் குரல் இறங்கி, வேகம் குறையும். இந்த ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் மேடையில் என்னால் சண்டை போட முடிந்தது.

முதல் வேடம் ஒரு விளக்குச் சுடர். கிரீஷ் கார்னாடின் 'நாகமண்டல'த்தில், ஊர் வீடுகளில் அணைத்துவிட்ட விளக்குகளின் சுடர்கள் ராத்திரியில் ஒரு பாழடைந்த கோயிலில் கூடி ஊர்வம்பு பேசும். அந்தச் சுடர்களில் ஒன்று நான். சின்ன வேடம். ஆனால் வெளியூரிலிருந்து வந்த பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான வேடம் உண்டா? ஒவ்வொரு சுடரும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வருகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசினால்தான் காட்சிக்கே அழகு. மேஷ்ட்ரு அதை யோசித்துத்தான் என்னை அங்கே வைத்தார் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நாடகம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பாட்டியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "கோலார் பக்கமா?" என்று கேட்டார். தமிழும் தெலுங்கும் கலந்த எல்லை மாவட்டம் கோலார். கர்நாடகத்துக்குள் ஏதோ ஒரு ஊரில் என்னை வைத்துவிட்டாரே என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த 'நாகமண்டல'க் கதையைக் கார்னாடுக்குச் சொன்னவர் ஏ.கே. ராமானுஜன். மைசூரில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, கன்னடத்தில் கவிதை எழுதி, நம் குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வந்துகொண்டே இருந்தார்கள். நவீன கன்னட நாடகத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் டி.பி. கைலாசம் (1884–1946) தமிழ் வீட்டுப் பிள்ளை. லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து, பெங்களூர் நடுத்தரக் குடும்பங்களின் ஆங்கிலம் கலந்த கன்னடத்தை அப்படியே மேடையில் ஏற்றியவர். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழியும் தமிழ். கார்னாடின் வீட்டு மொழி கொங்கணி. சிறந்த படத்துக்கான தேசிய விருதைக் கன்னடத்துக்கு முதலில் வாங்கிக்கொடுத்த 'சம்ஸ்கார' (1970) படத்தை இயக்கிய பட்டாபிராம ரெட்டி, நெல்லூர்த் தெலுங்கர். ஒளிப்பதிவு செய்த டாம் கோவன், ஆஸ்திரேலியர். மும்பையில் மராத்தி, குஜராத்தி, இந்தி நாடகங்களில் நடித்துவிட்டு, கன்னட நடிகர் சங்கர் நாகை மணந்து இங்கே வந்த அருந்ததி நாக், பிறகு கன்னட மேடையின் தூண்களில் ஒருவரானார். இவர்களில் யாரும் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகவில்லை. இந்த மொழியில் வேலை செய்தார்கள், இந்த மொழி அவர்களைத் தன்னுடையவர்களாக எழுதிக்கொண்டது. எனக்கு அவர்களோடு ஒப்பு கிடையாது. ஆனால் நான் நடந்த பாதை, முன்பே ஆட்கள் நடந்து தேய்ந்த பாதை என்பது பெரிய தெம்பு.

எங்கள் குழு ஒரு வருஷம் சந்திரசேகர கம்பாரின் 'ஜோகுமாரஸ்வாமி'யை எடுத்தது. கம்பார் பெளகாவி மாவட்டத்துக்காரர். நாடகத்தின் பேச்சு வட கர்நாடகத்துப் பேச்சு, ஆட்டமும் பாட்டும் அந்த மண்ணுடையது. முதல் நாள் வாசிப்பிலேயே பெங்களூர்க்காரர்கள் அத்தனை பேரும் தடுக்கி விழுந்தார்கள். பிறந்ததிலிருந்து கன்னடம் பேசியவர்கள், ஒரு வாக்கியத்தின் இழுவை வராமல் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார்கள். தார்வாடிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தபால் இலாகா ஊழியரை அழைத்துவந்து, அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொன்னோம். அந்த வகுப்பில் நான் முதல் மாணவி. எனக்குத்தான் ஏற்கெனவே பழக்கம் இருந்ததே, காதில் விழுவதை நாக்குக்குக் கொண்டுபோகும் பழக்கம்! தனக்கு இயல்பாக வராத பேச்சைத் தன் பேச்சாக்கிக்கொள்வது வெளியாளின் குறை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது நடிகர்கள் எல்லாருக்கும் உள்ள அடிப்படை வேலை என்று அந்த ஒத்திகைகளில்தான் கண்டேன்.

1991 டிசம்பரைப் பற்றி எழுதாமல் விடக் கூடாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் நகரத்தில் தமிழர்களைக் குறிவைத்துக் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பின. அன்றைக்கு நான் வங்கியிலிருந்து ஸ்ரீராமபுரத்துக்குப் போகவே வழியில்லை. எங்கள் குழுவில் நடித்த தோழி ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து பசவனகுடியில் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஊரடங்கு தளரும் வரை அங்கேதான் இருந்தேன். அவள் அம்மா என்னை வாசல் பக்கம் வரவிடவில்லை. "யாராவது கேட்டா என் தங்கை மகள்னு சொல்றேன். நீ பேசு, உன் கன்னடம் நல்லாத்தான் இருக்கு" என்றார். மேடைக்காகக் கற்ற பேச்சு உயிருக்குக் காவலாக நின்ற நாட்கள் அவை. அதில் பெருமைப்பட எனக்கு எதுவும் இல்லை. அந்தப் பேச்சு வராத கட்டட வேலைக்காரர்கள், அந்த மாதிரி ஒரு தோழி இல்லாதவர்கள், அப்போது என்ன ஆனார்கள் என்ற கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

அம்மா ஊரிலிருந்து கடிதம் போட்டாள். "போதும்டி, மாத்தல் வாங்கிண்டு வந்துடு. நாடகமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்." ஜனவரியில் ஒத்திகை மறுபடி தொடங்கியது. போகலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கித்தான் போனேன். வகுப்பறைக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். மேஷ்ட்ரு பிரதியைப் பிரித்து, "ரெண்டாவது அங்கம், உன் வசனத்துலேருந்து" என்றார். நான் மாற்றல் கேட்கவில்லை.

சினிமா, சீரியல் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. 1990களின் நடுவில் தனியார் சேனல்கள் வந்து கன்னட சீரியல்கள் பெருகியபோது எனக்கும் அழைப்பு வந்தது. எதற்கு? பக்கத்து வீட்டுத் தமிழ் மாமிக்கு. கன்னடத்தைத் தப்பும் தவறுமாகப் பேசி, பார்க்கிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். பல வருஷம் பாடுபட்டுத் திருத்திய நாக்கைத் திரும்பக் கெடுத்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டு சீரியலில் செய்தேன், மூன்றாவதற்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு படத்தில் கதாநாயகனின் பெரியம்மா வேடம், சின்னது, ஆனால் நல்ல காட்சி. படப்பிடிப்பில் என் வசனத்துக்கு யூனிட்டே கைதட்டியது. படம் வந்தபோது காந்திநகரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். திரையில் என் வாய் அசைந்தது, குரல் வேறு யாருடையதோ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வெளிமாநிலத்து ஆளுன்னா டப்பிங்தான் மேடம், வழக்கம்" என்று பிறகு ஒரு உதவி இயக்குநர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நம் தமிழ் சினிமாவும் இதே தவறைத்தான் நாள்தோறும் செய்கிறது. வடக்கிலிருந்து வரும் பெண்களின் முகத்தை வாங்கிக்கொண்டு குரலைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆனால் நமக்கு வேறு ஒரு நினைவும் உண்டு. சரோஜாதேவி பேசிய தமிழில் கன்னடத்தின் கொஞ்சல் கடைசி வரை இருந்தது. நாம் அதை மாற்றச் சொன்னோமா? அந்தப் பேச்சுக்காகவே டிக்கெட் வாங்கினோம். தமிழ் கற்றுக்கொள் என்று பாலசந்தர் சொல்ல, கற்றுக்கொண்டு வந்து ரஜினிகாந்த் பேசிய வேகமான தமிழ், எந்த ஊர்த் தமிழும் இல்லை, அவருடைய தமிழ். ஐம்பது வருஷமாகப் பிள்ளைகள் அதைப் பேசிப் பார்க்கிறார்கள். பார்வையாளர்கள் எப்போதும் தயாராகத்தான் இருக்கிறார்கள், தயங்குவதெல்லாம் படம் எடுப்பவர்கள்தான். முகத்தை மட்டும் கேட்கும் இடத்தில் வெளியாள் கடைசி வரை வெளியாளாகவே இருப்பாள். குரலையும் சேர்த்துக் கேட்கும் இடத்தில் தங்கிவிட முடியும். எனக்கு அந்த இடம் நாடகம்.

2004-இல் ஜே.பி. நகரில் ரங்க சங்கரா திறந்தது. 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே கார் விபத்தில் போன சங்கர் நாகின் கனவை, அருந்ததி நாகும் நண்பர்களும் கட்டி எழுப்பினார்கள். மூன்று பக்கமும் பார்வையாளர்கள் அமரும் மேடை அது. முதல் வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் நம் புடவை நுனி தட்டுப்படும். அங்கே மைக் இல்லாமல் பேச வேண்டும். அந்த நெருக்கத்தில் பொய்யான உச்சரிப்பு ஒன்றுகூட ஒளிய முடியாது. அங்கே நான் 'நாகமண்டல'த்தின் குருடவ்வாவாக நடித்தேன், பார்வையில்லாத கிழவி. கண்ணால் எதையும் செய்ய முடியாத வேடம், எல்லாம் காதும் குரலும்தான். நாடகம் முடிந்து வெளியே வந்தபோது யாரும் என்னிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நடிப்பைப் பற்றி மட்டும் பேசினார்கள். ஒரு பையன், இரண்டாவது அங்கத்தில் தடியை ஏன் கை மாற்றினேன் என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் நின்றேன்.

இப்போது இந்த நகரத்துக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளில் நடிப்பு ஆசை உள்ளவர்களை நிறையச் சந்திக்கிறேன். பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி, மனம் முழுக்கச் சென்னை. வளசரவாக்கத்தில் அறை எடுத்து ஆடிஷன் வரிசையில் நிற்பதுதான் ஒரே வழி என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் இருக்கும் ஊரில் ஐந்து கிலோமீட்டருக்குள், இந்தியாவின் மிகச் சிறந்த நாடக மரபுகளில் ஒன்று தினமும் மேடை ஏறுகிறது, போய்ப் பார்த்தீர்களா? அதைவிட ஆழமாக வேண்டும் என்றால், ஷிவமொக்கா பக்கம் ஹெக்கோடு என்ற சிற்றூரில் கே.வி. சுப்பண்ணா தொடங்கிய நீனாசம் இருக்கிறது. அவர்களுடைய நடிப்புப் பள்ளி 1980-லிருந்து நடக்கிறது. அங்கே படித்தவர்கள் இன்று கன்னட மேடையிலும் திரையிலும் பரவிக் கிடக்கிறார்கள். மொழி தெரியாது என்று தயங்காதீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், அதன் எழுத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். இருபது வருஷம் ஒரு ஊரில் சம்பளம் வாங்கிவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமல் திரும்புவது பெரிய நஷ்டம்.

ரங்க சங்கராவில் திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் நாடகம் உண்டு. இரவு ஏழரைக்குத் தொடங்குவார்கள். ஒரு நிமிஷம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள். பெங்களூர் டிராஃபிக்கை நம்பாமல், ஏழு மணிக்கே போய்ச் சேருங்கள்.